கிழக்கே தள்ளிய விஷம்

லண்டன் நகரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் தேம்ஸ் நதியின் பெருமையைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால், லூட்டன் நகருக்கு அருகே ஊற்றெடுத்து, தெற்கு நோக்கி இறங்கி, கீழ்லண்டனின் சதுப்பு நிலத்தில் பல கால்களாகப் பிரிந்து, கடைசியில் அந்தத் தேம்ஸிலேயே போய்க் கலக்கும் லீ என்ற சிறிய நதியை, அதன் கரையில் குடியிருப்பவர்களைத் தவிர வேறு யாரும் நெடுங்காலம் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. மேற்கே மிடில்செக்ஸ், கிழக்கே எஸெக்ஸ் என்ற இரண்டு ஜில்லாக்களுக்கு எல்லையாக இருப்பதே அதன் முக்கியமான உத்தியோகம். அந்த உத்தியோகமே பிற்காலத்தில் அதற்கு வினையாகவும் முடிந்தது.

1844ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு, லண்டன் நகரக் கட்டடங்களை ஒழுங்கு செய்வதற்காக ஒரு சட்டம் இயற்றியது. எலும்பு காய்ச்சுதல், ரத்தம் காய்ச்சுதல், சோப்புக் காய்ச்சுதல், கொழுப்பு உருக்குதல் முதலான நாற்றம் பிடித்த தொழில்களை ஜனங்கள் வசிக்கும் வீடுகளை ஒட்டி நடத்தக் கூடாது என்று அதில் விதி ஏற்பட்டது. நல்ல சட்டந்தான். ஆனால் அதன் அதிகாரம் லீ நதியின் மேற்குக் கரையோடு நின்றுவிட்டது. நகரத்துக்குள் தொழில் நடத்த முடியாமற்போன முதலாளிகள், பாலத்தைத் தாண்டி வெஸ்ட் ஹாம் பக்கம் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டால், சட்டமும் அவர்களைத் தொடராது, நகரத்துச் சந்தையும் தூரமாகாது, கழிவைக் கொண்டுபோக நதியின் கால்களும் காலடியிலேயே ஓடும். லண்டனில் பெரும்பாலும் மேற்கிலிருந்தே காற்று வீசுவதால், புகை திரும்பி வந்து கனவான்களின் மூக்கைத் தொடும் என்ற பயமும் இல்லை.

அவ்விதமாக அங்கே சேர்ந்த தொழில்களின் ஜாபிதா நீளமானது. சாயம், வார்னிஷ், அச்சு மை, எரு, கந்தக அமிலம், தார் வடித்தல், நிலக்கரி வாயு, ரயில் எஞ்சின் பட்டறை. எதிர்க்கரையிலிருந்த ஹாக்னி விக் என்ற பேட்டையில் 1866இல் அலெக்ஸாண்டர் பார்க்ஸ் என்பவர், உலகத்தின் முதல் பிளாஸ்டிக் என்று கருதப்படும் பார்க்ஸைனைத் தயாரிக்க ஒரு கம்பெனி தொடங்கி, இரண்டே வருஷத்தில் நொடித்துப்போனார். பெட்ரோல் என்ற பெயரை வியாபாரத்தில் வழங்கிய கம்பெனியும் அதே பேட்டையைச் சேர்ந்ததுதான். நாம் இன்று இல்லாமல் ஒரு நாளும் கழிக்க முடியாத இரண்டு சரக்குகளில் ஒன்று சந்தைக்கு வந்ததும், மற்றொன்று பெயர் பெற்றதும் அந்தச் சேற்றில்தான் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அவற்றின் கசண்டு அந்தச் சேற்றிலேயே தங்கிவிட்டது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். பார்க்ஸ் கம்பெனி தொடங்கிய அதே 1866இல், லீ நதியின் ஜலத்தை விநியோகம் செய்துவந்த குடிநீர்க் கம்பெனியின் மூடப்படாத நீர்த்தேக்கங்கள் வழியாகக் காலரா பரவி, கீழ்லண்டனில் 5,000 பேருக்கு மேல் மாண்டார்கள்.

இந்த நதி தீரத்தோடு நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நதிக்குச் சற்று மேற்கே ‘போ’ என்ற பேட்டையில் இருந்த பிரையண்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில், வெள்ளைப் பாஸ்பரஸின் ஆவி பட்டுத் தாடை எலும்பு அழுகும் ஆபத்திலேயே வேலை பார்த்துவந்த பெண்கள், 1888இல் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதி ஊரறியச் செய்து, அவர்களுக்குத் துணை நின்றவர், பின்னாளில் சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்து நம்மவர்களால் போற்றப்பட்ட அன்னி பெசண்ட் அம்மையார். 1931இல் வட்டமேஜை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள், ஹோட்டல்களை ஒதுக்கிவிட்டுத் தங்கியதும் அதே பேட்டையில் கிங்ஸ்லி ஹால் என்ற இடத்தில்தான். ஏழைகள் நடுவே தங்க வேண்டும் என்று அவர் விரும்பினார். லண்டனில் அதற்கு எந்தத் திசையில் போக வேண்டும் என்று யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்து இடிந்த வீடுகளின் செங்கல்லும் காரையும் இந்தச் சதுப்பு வெளிகளில் கொட்டப்பட்டன. பிறகு தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ரயில் பட்டறையும் 1991இல் நின்றது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய ஃபிரிஜ்களிலுள்ள தீங்கான வாயுக்களைப் பிரித்தெடுத்த பிறகே அவற்றை உடைக்கலாம் என்று ஐரோப்பிய விதி வந்து, அதற்கான யந்திரங்கள் போதாமற்போகவே, நாடெங்கும் கழித்துப்போட்ட ஃபிரிஜ்கள் மலைபோல் குவிந்தபோது, ஐரோப்பாவிலேயே பெரிய குவியல்களில் ஒன்று என்று பேர் வாங்கிய குவியல் எங்கே இருந்தது என்பதை வாசகர்களே ஊகித்திருப்பார்கள்.

2005ஆம் வருஷம் ஜூலை மாதம் 6ஆம் தேதி சிங்கப்பூரில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2012ஆம் வருஷத்துப் பந்தயங்களை லண்டனுக்குக் கொடுத்தது. ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற பேட்டையை ஒட்டி, லீ நதியின் கால்கள் பின்னிக் கிடக்கும் சுமார் 600 ஏக்கர் நிலத்தில் விளையாட்டரங்குகளைக் கட்டி, பந்தயம் முடிந்ததும் அதைக் கீழ்லண்டன் ஜனங்களுக்கான பூங்காவாகவும் குடியிருப்பாகவும் மாற்றுவதென்பது லண்டன் கொடுத்த வாக்கு. கமிட்டியின் மனத்தைக் கவர்ந்தவற்றுள் அந்த வாக்கும் ஒன்று. கட்டடம் எழும்புவதற்கு முன் நிலத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்குக் கிடைத்த காலமோ இரண்டு மூன்று வருஷங்கள்.

விஷம் ஏறிய மண்ணைச் சுத்தம் செய்வது என்றால், அதிலுள்ள விஷத்தை அறவே போக்கிவிடுவது என்றுதான் நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். இந்தத் துறையில் பழகியவர்கள் அப்படி எண்ணுவதில்லை. விஷம் இருக்கிறதா என்பது அவர்களுக்கு முதற் கேள்விதான், முடிவான கேள்வி அன்று. அந்த விஷம் ஒரு மனிதனையோ நதியையோ குடிநீரையோ சென்றடைவதற்கு வழி இருக்கிறதா, அந்த இடத்தில் இனி என்ன நடக்கப் போகிறது என்பவற்றையும் சேர்த்தே அவர்கள் பார்க்கிறார்கள். இங்கிலாந்தின் சட்டமும் இந்த முறையைத்தான் அனுசரிக்கிறது. காங்கிரீட்டுத் தளம் போட்டுக் கார் நிறுத்தப் போகிற நிலத்துக்குப் போதுமான சுத்தம், குழந்தைகள் மண்ணில் உட்கார்ந்து விளையாடப் போகிற தோட்டத்துக்குப் போதாது. அந்தத் தோட்டத்துக்குப் போதுமானது, முள்ளங்கியும் கீரையும் விளைத்துச் சாப்பிடப் போகிறவனுக்குப் போதாமலிருக்கலாம். இந்தக் கடைசி வகையினர் அந்த நிலத்தில் உண்மையாகவே இருந்தார்கள். அவர்கள் கதை பின்னால் வரும்.

முதலில் ஆயிரக்கணக்கான இடங்களில் துளை போட்டும் குழி தோண்டியும் மண்ணை எடுத்துச் சோதித்தார்கள். தார், எண்ணெய், பென்ஸீன், சயனைடு, அம்மோனியா, ஈயம், ஆர்ஸெனிக் என்று இருநூறு வருஷத்துத் தொழில் சரித்திரமும் பூமிக்குள் அடுக்கடுக்காகக் கிடந்தது. 200க்கு மேற்பட்ட கட்டடங்களை இடித்தார்கள். தோண்டிய மண்ணை லாரிகளில் ஏற்றி வேறு எங்காவது குப்பை மேட்டில் கொட்டிவிடுவது சுலபம்; ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். அது நோயாளியைக் குணப்படுத்துவதற்குப் பதிலாக ஊர் கடத்துகிற வேலை. அதைக் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்று இங்கே தீர்மானித்தார்கள். அதற்காகத் தளத்துக்குள்ளேயே நிறுவிய யந்திரசாலைகளுக்கு ‘மண் ஆஸ்பத்திரி’ என்று பெயர் வந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் நடந்த சிகிச்சையைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்லலாம். மண் என்பது ஒரே பொருளன்று. அதில் கல் உண்டு, பருக்கை உண்டு, மணல் உண்டு, இவை எல்லாவற்றையும்விட நுண்ணிய வண்டலும் களியும் உண்டு. எண்ணெயும் உலோகங்களும் பெரும்பாலும் இந்த நுண்ணிய பகுதியைத்தான் பற்றிக்கொள்கின்றன. ஒரு பிடி களியிலுள்ள துகள்களின் மேற்பரப்பைக் கூட்டிப் பார்த்தால், அதே எடையுள்ள கூழாங்கற்களின் மேற்பரப்பைப்போல் பல ஆயிரம் மடங்கு இருக்கும். ஆகவே மண்ணை யந்திரத்தில் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அலசி, சல்லடைகளாலும் சுழற்சியாலும் பருமன் வாரியாகப் பிரித்தால், நம் வீட்டுப் பெண்கள் அரிசி களைந்து கல் அரிப்பதுபோல, நல்ல மணலும் ஜல்லியும் ஒரு பக்கம் வந்துவிடும். விஷமெல்லாம் திரண்ட சேறு மறு பக்கம் தங்கும். அந்தச் சேற்றைப் பிழிந்து, அடையாக்கி, அதை மட்டும் வெளியே அனுப்பினால் போதும். இம்மாதிரி அலசும் யந்திரங்கள் ஐந்து அங்கே இரைந்துகொண்டிருந்தன.

எண்ணெய், பெட்ரோல் வகைகள் ஊறிய மண்ணுக்கு வேறு வைத்தியம். கரிமப் பொருளைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் மண்ணில் இயல்பாகவே உண்டு. அவற்றுக்குக் காற்றும் ஈரமும் சத்தும் போதாமையால்தான் அவை சோம்பிக் கிடக்கின்றன. மண்ணை நீளக் குவியல்களாகக் குவித்து, அவ்வப்போது கிளறி, காற்றும் சத்தும் ஊட்டிவந்தால், வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அவை அந்த எண்ணெயைத் தின்று தீர்த்துவிடுகின்றன. ஆனால் எந்த உயிரும் ஈயத்தைத் தின்று தீர்க்காது. ஈயமும் ஆர்ஸெனிக்கும் மூலகங்கள். அவற்றை எரித்தும் அழிக்க முடியாது, கரைத்தும் அழிக்க முடியாது. அலசித் திரட்டி வெளியேற்றலாம். சிமெண்டு போன்ற பொருளோடு கலந்து நகரவொட்டாமல் கட்டிப்போடலாம். அல்லது மேலே மூடலாம். சுத்தம் செய்துவிட்டோம் என்று உத்தியோகஸ்தர்கள் சொல்லும்போது, இந்த மூன்றில் எதைச் செய்தீர்கள் என்று கேட்பதற்கு ஜனங்களுக்கு உரிமை உண்டு.

நிலத்தடி நீர் இன்னொரு தலைவேதனை. அந்த இடத்தில் மேலே நதிப் பருக்கைக்குள் ஒரு நீர்ப்படுகையும், களியைத் தாண்டி ஆழத்தில் சுண்ணப் பாறைக்குள் வேறொரு நீர்ப்படுகையும் இருக்கின்றன. ஆழத்திலுள்ள நீர் லண்டனுக்குக் குடிநீர் தருவது. விளையாட்டரங்குக்கு அஸ்திவாரத் தூண்களை இறக்கும்போது நடுவிலுள்ள களியைத் துளைத்துவிட்டால், மேல்நீரிலுள்ள விஷம் கீழே இறங்க நாமே வழி வெட்டிக் கொடுத்ததாகும். அதனால் எங்கே எவ்வளவு ஆழம் துளைக்கலாம் என்பதைக்கூட இந்தக் கண்ணோட்டத்தில்தான் முடிவு செய்தார்கள். சில இடங்களில் அழுக்கு நீரை இறைத்துச் சுத்திகரித்தார்கள்.

ஏறத்தாழ 20 லட்சம் டன் மண் இவ்வாறு சிகிச்சை பெற்றது. தோண்டியதில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதே நிலத்துக்குத் திரும்பிற்று. கடைசியாக, அதன்மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விரிப்பை விரித்து, அதற்கு மேலே குறைந்தது 60 செ.மீ. கனத்துக்குச் சுத்தமான மண்ணைப் பரப்பினார்கள். அந்த ஆரஞ்சு விரிப்பு விஷத்தைத் தடுக்கும் என்று எண்ண வேண்டாம். அது ஓர் எச்சரிக்கை மட்டுமே. ஐம்பது வருஷம் கழித்துக் குழாய் பதிக்கவோ மரம் நடவோ ஒருவன் தோண்டும்போது ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டால், ‘இதற்குக் கீழே நீ பாட்டுக்குப் போகாதே’ என்று அது சொல்லும். இன்று அங்கே புல்வெளியில் பாய் விரித்து உட்காரும் குடும்பங்களுக்கு இரண்டடிக்குக் கீழே அது கிடக்கிறது. இந்த ஏற்பாட்டில் நான் குறை காணவில்லை. விஷத்தை ஒழித்துவிட்டோம் என்று பறையடிக்காமல், இதற்குமேல் நல்லது, இதற்குக் கீழ் பழையது என்று கோடு போட்டுக் காட்டியது யோக்கியமான காரியம் என்றே நினைக்கிறேன். கதிரியக்கம் சிறிதளவு கலந்த மண்ணைத் தளத்துக்குள்ளேயே ஒரு பாலத்தின் அணுகுமேட்டில் புதைத்த விஷயத்தில் மட்டும், பகிரங்கமாகச் சொன்னது போதாது என்று எழுந்த ஆட்சேபணை நியாயமானதே.

நதியின் கதி என்னவாயிற்று? 2 கிலோமீட்டர் சொச்சம் நீளத்துக்குக் கால்வாய்களைத் தூர் வாரியதில், சுமார் 30,000 டன் வண்டலும் இடிபாடும், அவற்றோடு டயர்களும், கடைகளில் சாமான் தள்ளும் வண்டிகளும், ஒரு மோட்டார் காரும் வெளியே வந்தன. ஆகாயத்தை அடைத்துக்கொண்டிருந்த 52 மின்கோபுரங்களைப் பெயர்த்துவிட்டுக் கம்பிகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனார்கள். செங்குத்துச் சுவர்களுக்குள் ஒடுங்கியிருந்த நதியின் கரையைச் சாய்த்து, நாணலும் கோரையும் நட்டு, வெள்ளம் வந்தால் பரந்து நிற்க இடம் கொடுத்தார்கள். அதனால் சுற்றுப்புறத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு வெள்ள அபாயம் குறைந்தது. மீன்கொத்தி வந்தது. ஆனாலும் லீ நதி சுத்தமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. மேலேயுள்ள ஊர்களில் சாக்கடைக் குழாயைத் தவறுதலாக மழைநீர்க் குழாயில் பொருத்திய வீடுகள் பல. தெருவிலுள்ள எண்ணெயையும் மழை அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. கரையை இரண்டு வருஷத்தில் திருத்தலாம். நதி தன் நீளம் முழுவதும் திருந்தினாலன்றித் திருந்தாது.

இதுவரை சொன்னது மண்ணின் கதை. அந்த நிலம் ஆளற்ற பாழ்நிலம் என்று பந்தயத்துக்கு முன் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. சர்க்கார் கட்டாயமாக வாங்கத் தொடங்கியபோது, 200 தொழில் ஸ்தாபனங்களும் அவற்றில் சுமார் 5,000 பேருக்கு வேலையும் அங்கே இருந்தது தெரியவந்தது. மீனுக்குப் புகைபோடுகிறவர், கார் பழுது பார்க்கிறவர், கல் அறுக்கிறவர் என்று, வாடகை மலிவாயிருந்ததாலேயே பிழைத்துக்கொண்டிருந்த கூட்டம் அது. க்ளேஸ் லேன் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் 400க்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் தனியாள்கள், குறைந்த வாடகையில் தாங்களே நிர்வாகம் செய்துகொண்டு வசித்துவந்தார்கள். 2007இல் அவர்கள் கலைந்து போனார்கள். தளத்திலிருந்த ஆயிரக்கணக்கான சிறு நீர்ப்பிராணிகளையும் பல்லிகளையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, அவற்றுக்குப் பிடித்தமான புதிய இடம் அமைத்துக் குடியேற்றினார்கள். ஒரு கூட்டுறவுக் குடித்தனத்தை அதே உருவத்தில் பெயர்த்து நடுவதற்கு மட்டும் அத்தனை சிரத்தை இல்லாமற்போயிற்று.

முள்ளங்கியும் கீரையும் விளைத்தவர்கள் கதை இங்கேதான் வருகிறது. மேனர் கார்டன் என்ற பெயரில், நதியின் இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு நீண்ட துண்டு நிலத்தில், 80 காய்கறிப் பாத்திகள் இருந்தன. அந்தப் பேட்டை ஏழைகளின் உபயோகத்துக்காக 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு தர்மவான் ஏற்படுத்தியவை அவை. தலைமுறை தலைமுறையாக எருவும் இலைக்குப்பையும் போட்டுப் பதமாக்கிய கறுப்பு மண். அதில் தகரமும் பழைய கதவுப் பலகையும் கொண்டு அவரவர் கட்டிக்கொண்ட குடிசைகள். சமூகத்தின் உபயோகத்துக்காக நிலத்தைத் திருத்தப் போகிறோம் என்று வந்தவர்கள், சமூகம் தன் கையாலேயே திருத்தி வைத்திருந்த அந்தத் துண்டை 2007இல் காலி செய்வித்து, பந்தயம் பார்க்க வருகிறவர்கள் நடப்பதற்கான பாதையாக்கினார்கள். தோட்டக்காரர்களுக்கு வடக்கே லேட்டன் பக்கம் ஒரு புல்வெளி தரப்பட்டது. அங்கே மழைத் தண்ணீர் வடியாமல் நின்றது. பந்தயத்துக்குப் பிறகு பூங்காவின் தென்கோடியில் வேறொரு துண்டு கிடைத்தது. பழைய மண் திரும்பக் கிடைக்கவில்லை.

2014இல் பூங்கா முழுதும் திறந்துவிடப்பட்டது. ராணி எலிஸபெத்தின் பெயரைத் தாங்கிய அந்த இடம் அழகானதே. அதை மறுப்பது பொறாமையாகும். ஜஹா ஹடீத் என்ற, ஈராக்கில் பிறந்த கட்டடக் கலைஞர் வரைந்த நீச்சல் குளத்தில், சாதாரண நகரசபைக் குளத்துக்குக் கொடுக்கும் கட்டணத்தையே கொடுத்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நீந்துகிறார்கள். சர்வகலாசாலையும் நாட்டிய அரங்கும் கண்காட்சிசாலையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன. இரண்டு மூன்று மைல் கிழக்கே, நம்மவர்கள் மிகுதியாக வசித்து முருகன் கோயிலும் இட்லிக் கடையும் வைத்து நடத்தும் ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பகுதிகளும் ஸ்ட்ராட்ஃபோர்டு சேர்ந்த அதே நியூஹம் நகரசபையின் எல்லைக்குள்தான் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் புல்வெளியில் தமிழ்ப் பேச்சும் காதில் விழுவதில் ஆச்சரியமில்லை.

உலவ வருவது வேறு, குடியிருப்பது வேறு. விளையாட்டு வீரர்கள் தங்கிய விடுதி 2,818 வீடுகளாக மாறி, அதில் ஏறக்குறையப் பாதி மலிவு வீடுகளாக ஒதுக்கப்பட்டது. பின்னால் வந்த சில குடியிருப்புகளில் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிற்று. ‘மலிவு’ என்று சர்க்கார் ஒப்புக்கொள்ளும் வாடகையோ, சந்தை வாடகையில் நூற்றுக்கு எண்பது வரை ஏறலாம். சந்தையோ, பூங்கா வந்த பிறகு ஏறிய சந்தை. 2013இல் ஸ்ட்ராட்ஃபோர்டு விடுதி ஒன்றிலிருந்து 29 இளம் தாய்மார்களை வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்து, மாஞ்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற தூரத்து ஊர்களில் வீடு பார்த்துக்கொள்ளும்படி சொன்னார்கள். அடுத்த வருஷம் அந்தத் தாய்மார்களிற் சிலர், பூங்காவுக்குப் பக்கத்திலேயே நகரசபை காலி செய்து பூட்டி வைத்திருந்த கார்ப்பெண்டர்ஸ் குடியிருப்பில் நுழைந்து உட்கார்ந்துகொண்டார்கள். விஷயம் தேசமெங்கும் பரவி, நகரசபைத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

மண்ணுக்கு இன்ன கனம், இன்ன நிற விரிப்பு, இன்ன சோதனை என்று ஒப்பந்தத்தில் சென்டிமீட்டர் கணக்கில் எழுதி, எழுதியபடி நடக்கவும் செய்தார்கள். அங்கே குடியிருக்கப் போகிறவர்களைப் பற்றிய வாக்குறுதியை அதே கண்டிப்போடு எழுதியிருந்தால், அதுவும் நடந்திருக்கும் என்பதே என் அபிப்பிராயம். பூங்காவைச் சுற்றி எஞ்சியிருக்கும் மனைகளில் சரிபாதி வீடுகளை மலிவு வீடுகளாகவே கட்டுவதென்று, லண்டன் மேயரின் வற்புறுத்தலின்பேரில், பிற்பாடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அவற்றிற் பல இன்னும் கட்டி முடியவில்லை.